மூதூர் லோஞ்சில் ஒரு தலையணை

மூதூருக்குக் கடல் வழியாகப் போவது எப்படி என்று இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. திருகோணமலையில் பஸ் ஏறினால் கிண்ணியா வழியாக மூதூரில் போய் இறங்கிவிடலாம். இருந்தும் கடல் வழியைக் கேட்கிறீர்கள் பாருங்கள், உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. நான் முதன்முதலாக அந்தக் குடாவைக் கடந்தது எழுபதுகளின் நடுவில். அந்தப் பயணத்தை வைத்தே சொல்கிறேன். வழியும் தெரியும், ஒரு கதையும் கிடைக்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருகோணமலைக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், தட்டெழுத்து வேலை. பிறந்ததிலிருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள், எதிர்க்கரையில் இருக்கும் மூதூரை ஒருநாளும் மிதித்ததில்லை. "பொம்பிளப் பிள்ளைக்கு அங்க என்ன அலுவல்?" என்று அப்பா கேட்பார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, எனக்கு அங்கே அலுவல் எதுவும் இருக்கவில்லை. கடைசியில் அரசாங்கமே ஓர் அலுவலைக் கொடுத்து அனுப்பியது.

விஷயம் இதுதான். காட்டை வெட்டிப் பயிரிடுகிற சேனைகளில் விளைந்த கஞ்சா மூதூருக்கு வந்து, லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் ஏறி, திருகோணமலைப் பட்டணத்துத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மதுவரி இன்ஸ்பெக்டருக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் பிடிக்க முடியவில்லை. ஆண்களைத் தடவிப் பார்த்தால் பீடியும் சீப்பும்தான் அகப்பட்டன. சரக்கு முழுவதும் பெண்களிடம் இருந்தது. ஒரு பெண்ணை இன்னொரு பெண்தான் சோதிக்கலாம் என்பது சட்டம். நல்ல சட்டம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அவசரத்துக்குப் பெண் பொலிஸ் கிடைப்பதில்லை. இது படகுத்துறை ஜெட்டியில் சாமான் தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். ஆகவே லோஞ்ச் ஏறும் முன்பே புருஷன்மார் தங்கள் பாரத்தை மனைவிமாரின் மடியில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையான மனுசன். கச்சேரிக்கு வந்து, "ஒரு நாளைக்கு ஒரு பொம்பிளையைத் தருவியளோ?" என்று பெரிய துரையிடம் கேட்டார். இரவல் சுளகு கேட்கிறது போலக் கேட்டார். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். கஞ்சா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மூதூரைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அரசாங்க உத்தரவு என்றதும் அப்பாவாலும் ஒன்றும் சொல்ல ஏலவில்லை.

திட்டம் எளிது. காலையில் சாதாரணப் பயணி மாதிரி மூதூருக்குப் போகவேண்டும். பிற்பகல் லோஞ்சில் பெண்களோடு பெண்ணாகத் திரும்பவேண்டும். பட்டணத்து ஜெட்டியில் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு நிற்பார். அங்கே ஒரு மூலையில் படங்குத் துணி கட்டி மறைத்திருக்கும், நான் அதற்குள் வைத்துப் பெண்களைச் சோதிக்கவேண்டும். எனக்குத் துணையாக, சீருடையை விட்டு இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மதுவரிக் காவலரையும் அனுப்பினார்கள். கேட்டால் மாமா என்று சொல்லவேண்டும்.

லோஞ்ச் காலை ஏழரைக்குப் புறப்பட்டது. கட்டணம் எழுபத்தைந்து சதம். கடல் தூரம் ஏறக்குறைய ஏழு மைல், ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தரை வழியாகப் போயிருந்தால் துறைக்குத் துறை 'பாதை'யில் ஏறி இறங்கியிருக்கவேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடக்க வாகனத்தையும் மனிதரையும் ஏற்றுகிற மிதவை. தெருவைத் தேடிக் குழம்பிவிடாதீர்கள்.

துறைமுக வாய்வரைக்கும் தண்ணீர் கிண்ணத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. பின்னால் கோட்டையும் கோணேசர் மலையும் சிறுத்துக்கொண்டே போயின. வாய் கடந்து கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததும் லோஞ்ச் தலையை ஆட்டத் தொடங்கியது. பெண்களுக்கு இடம் பின்பக்கம், இயந்திரத்துக்குப் பக்கத்தில். டீசல் மணம், சூடு, காது அடைக்கும் சத்தம். முன்பக்கத்துக் காற்று முழுவதும் ஆண்களுக்கு. ஆனாலும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முன்பக்கம் இருந்த என் 'மாமா' பாதிக் கடலிலேயே பக்கப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்கினார். மூதூர் வரும்வரை நிறுத்தவில்லை. வயிறு எளிதில் புரட்டுகிறவர்கள் காலை லோஞ்சில் இரண்டு இடியப்பத்துக்கு மேல் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

மூதூரை எனக்குப் பார்த்ததுமே பிடித்தது. ஜெட்டியிலிருந்து கடைத்தெரு நடக்கிற தூரம்தான். வெண்மணல் ஒழுங்கைகள், கிடுகு வேலிகள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கை. பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் எருமைத் தயிர்ச் சட்டிகள் வரிசையாகத் தொங்கின. சட்டியைக் கவிழ்த்தாலும் கொட்டாது, அவ்வளவு கட்டி. தனியாக ஒரு பெண் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த நாளில் வழக்கமில்லை. மாமாவோ சாப்பாட்டின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பினார். ஒரு சின்னச் சட்டித் தயிரும் கொஞ்சம் சீனியும் வாங்கிக் கடற்கரையில் பூவரச மர நிழலில் இருந்து நான் ஒருத்தியே வழித்துத் தின்றேன். அதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்கு நினைவில்லை. இன்றைக்கும் மூதூர், கிண்ணியா போகிறவர்கள் தயிர் சாப்பிடாமல் வந்தீர்களானால் என்னிடம் சொல்லாதீர்கள், ஏசுவேன்.

திரும்பும் லோஞ்ச் இரண்டு மணிக்கு. ஜெட்டிப் பலகையில் நின்றபோது ஒருவர் வலிய வந்து கதை கொடுத்தார். வெள்ளைச் சேட்டு, கட்டம்போட்ட சாரம், நன்றாக வாரிய தலை. பெயர் சலீம் என்றார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை நானா, அதாவது அண்ணன், என்று அழைப்போம்.

"தங்கச்சி பட்டணத்துக்கோ?"

"ஓம் நானா."

"என்ட மனிசியும் புள்ளையும் பின்னுக்குத் தனிய. புள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ."

பின்னால் நின்ற மனைவியைக் காட்டினார். ரஹீமா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கும். முக்காடு, இடுப்பில் ஒரு வயது மதிக்கத்தக்க ஆண் பிள்ளை, கக்கத்தில் பூப்போட்ட உறையில் ஒரு குழந்தைத் தலையணை. சலீம் நானாவின் கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. கைப்பையும் மடிப்புக் கலையாத சேலையுமாக நிற்கிற, உத்தியோகம் பார்க்கிற ஒரு கந்தோர்ப் பெண்ணோடு தன் மனைவியும் இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஊரில் வழமையும் அதுதான், தனியாக வருகிற பெண்ணை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைப்பது. அன்றைக்கு லோஞ்சில் இருந்த அத்தனை பெண்களிலும் அவர் தேடிப் பிடித்து ஒப்படைத்தது என்னிடம். பாவம், நல்ல கைராசி.

இயந்திரம் கிளம்பியது. பிள்ளை என் வளையலைப் பிடித்து இழுத்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு குளிர்ந்து கிடந்தது, காய்ச்சலாவது மண்ணாங்கட்டியாவது. கொஞ்சம் சாய்க்கலாம் என்று தலையணைக்குக் கையை நீட்டினேன். ரஹீமா விடாமல் பிடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

இலவம் பஞ்சுத் தலையணையைத் தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது. இது பாரமாக இருந்தது. அமுக்கினேன், எழும்பவில்லை. உள்ளே காய்ந்த இலை நொறுங்கியது. கற்பூரம் போட்டுத் தைத்திருந்தார்கள், ஆனாலும் அடியில் இருந்த மணம் கையில் ஒட்டியது.

நான் ரஹீமாவைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள். பெண்கள் பக்கத்து இயந்திரச் சத்தத்தில் ஒரு நன்மை உண்டு, காதோடு பேசினால் மூன்றாம் ஆளுக்குக் கேட்காது.

"அக்கா, நான் ஆரெண்டு தெரியுமோ? ஜெட்டியில இண்டைக்குப் பொம்பிளையளைச் சோதிக்கிறதுக்கு ஆள் வைச்சிருக்கினம். அந்த ஆள் நான்தான்."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பிள்ளையைச் சட்டென்று என் மடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.  

"மாட்டன் எண்டுதான் சொன்ன நான்," என்றாள். "மூணாம் தரம் இது. பொம்பிளைய ஆரும் தொடமாட்டாங்க, நீ பயப்படாத எண்டார். என்ட ராத்தாக்கும் அவட மாப்பிள்ள இப்படித்தான் சொன்ன. அவ வேற ஊர்ல புடிபட்டு, கைப்புள்ளையோட மறியலுக்குப் போனா. மச்சான் வெளியில. ஆரும் அவரைக் கேக்கல்ல, ஏனெண்டா அவர்ட கையில ஒண்டும் இல்லையே."

ராத்தா என்றால் மூத்த சகோதரி. மறியல் என்றால் சிறை. கைப்பிள்ளையோடு சிறைக்குப் போவதை அவள் சொந்த வீட்டிலேயே பார்த்திருந்தாள்.

"கடல்ல போட்டா என்ன?" என்று நான் கேட்டேன். அரசாங்க அலுவலில் வந்தவள் கேட்கவேண்டிய கேள்வி அல்ல, இருந்தாலும் கேட்டேன்.

"போட்டா அடுத்த கிழமையும் தலையணை வரும்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தங்கச்சி, வீடு என்ட. என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. அவர்தான் அங்க வந்து இரிக்கிறவர். அவர் மறியலுக்குப் போனா வீட்டில ஒரு ஆள் குறையும். நான் போனா வீடே இல்ல."

இதை வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி விளக்கவேண்டும். கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். எனக்கும் அப்பா ஒரு வீட்டு வளவு ஒதுக்கி வைத்திருந்தார். ஆகையால் ரஹீமா சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

"ஆம்பிளையளைச் சோதிக்க நான் தேவையில்லை அக்கா," என்றேன். "அதுக்கு அங்க வேறை ஆக்கள் நிக்கினம். இறங்கேக்கை பிள்ளையை நீங்கள் தூக்குங்கோ. மற்றதைத் தூக்கிறதுக்கு உங்கடை வீட்டு ஆள் முன்னுக்கு இருக்கிறார்தானே."

அவள் தலையணையைத் தன் பக்கத்தில் வைத்து, பட்டணம் வரும்வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அரை மணித்தியாலம் எனக்கு மிக நீண்டது.

மூன்று மணி கழிந்து லோஞ்ச் ஜெட்டியில் தட்டியது. கரையில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் இரண்டு காக்கிச் சட்டைகள், மூலையில் படங்குத் துணி. துணியைக் கண்டதும் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சலீம் நானா முதல் ஆட்களில் ஒருவராகக் குதித்து இறங்கினார். கைகளை வீசிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு சலாமும் போட்டுவிட்டு, தள்ளிப்போய் நின்று பீடி பற்றவைத்தார்.

ரஹீமா இறங்கும் பலகைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை, மறு கையில் தலையணை. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பலகையில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்க!"

புருஷனைக் கூப்பிடுகிற அந்தச் சத்தம் ஜெட்டி முழுக்கக் கேட்டது. சலீம் நானா பீடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்க! புள்ளையத் தூக்கிக்கொண்டு எறங்க ஏலாது. இதப் புடிங்க!"

லோஞ்ச் ஓட்டி உதவி செய்வதில் கெட்டிக்காரர். கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் எட்டித் தலையணையை வாங்கி, "நானா, மனிசி கூப்பிடுறா, காது கேக்கேல்லையோ?" என்று கரைக்கு நீட்டினார். கரையில் நின்றவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறி அது சலீம் நானாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் பார்க்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள், பெற்ற பிள்ளையின் தலையணையை வாங்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாங்கினார். இரண்டு விரலால் பிடித்தார். பலகைக்கு உதவ வருகிறவர் மாதிரி ஓரத்துக்கு வந்து, கை தவறியது போல அதைத் தண்ணீருக்குள் விட்டார்.

சாமர்த்தியந்தான். ஆனால் லோஞ்ச் ஓட்டி அன்றைக்கு உதவி செய்வதை விடுவதாக இல்லை. "ஐயோ, புள்ளையின்ர தலகாணி!" என்று கொளுக்கித் தடியை நீட்டி, பாதி அமிழ்ந்து கிடந்ததைக் கொளுவித் தூக்கி, சொட்டச் சொட்ட அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் கிட்ட வந்தார். ஒரு முறை அமுக்கினார். தண்ணீரில் கற்பூர வாசம் அடங்கிப்போய் உள்ளே இருந்தது மட்டும் மணத்தது.

"இது ஆற்றை?" யாருடையது என்று கேட்டார்.

"என்ட மனிசிட," என்றார் சலீம் நானா. யோசிக்கக்கூட இல்லை.

ரஹீமா பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.  "என்ட கையில என்ட புள்ள இரிக்கி," என்றாள்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின்பக்கத்துப் பெண்கள் இன்னும் இறங்காமல் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, "அவர்ட கையில இருந்துதான் விழுந்த," என்றாள். இன்னொருத்தி, "ஓம், எங்கட கண்ணால பார்த்தம்," என்றாள். அதற்குப் பிறகு யார் சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை, எல்லோரும் சொன்னார்கள். கடலில் ஒரு மணித்தியாலமாக வாய் திறக்காமல் இருந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருடைய புருஷன்மார் அந்த ஜெட்டியிலேயே கையை வீசிக்கொண்டு நின்றார்களோ, தெரியாது.

இன்ஸ்பெக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். "எதுக்கும் பிள்ளை, அவவைச் சோதியுங்கோ," என்றார். பிள்ளை என்றது என்னைத்தான். துணிக்குப் பின்னால் கூட்டிப்போனேன். ரஹீமா அங்கேதான் அழுதாள், சத்தம் வராமல்.  அவளிடம் இருந்தது ஒரு பால்போத்தல், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு திறப்பு. சாவிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"என்ன கிடந்தது?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"வீட்டுத் திறப்பு, ஐயா."

சலீம் நானாவை அழைத்துப்போனார்கள். அவர் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். ரஹீமா பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து, உண்மையான இரக்கத்தோடுதான், "பாவம், இனி இவ எங்கை போவா?" என்றார்.

ரஹீமா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "என்ட வீட்டுக்கு," என்றாள். என்னைப் பார்த்து, "கடைசி லோஞ்ச் எத்தின மணிக்கு?" என்று கேட்டாள்.

நாலரைக்கு. அதே லோஞ்ச், நான் ஜெட்டியில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை அவள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. ஆண்கள் குறைவு, முன்பக்கம் போய்க் காற்றில் உட்கார்ந்தாள். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரிடம் ஒன்று கேட்டேன். "ஐயா, பொம்பிளையின்ரை மடியில சாமான் கிடந்தா, அதை வைச்சது ஆரெண்டு கேப்பியளோ?" அவர் தலையைச் சொறிந்தார். "ஆற்றை கையில கிடக்கோ அவரைத்தான் பிள்ளை பிடிக்கலாம். மற்றது எங்கடை வேலையில்லை." அப்படியானால் இதுவும் என் வேலையில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டெழுத்துப் பொறிக்குத் திரும்பினேன். போதைப்பொருளைத் தடுக்க அரசாங்கம் வைத்திருந்த அத்தனை ஏற்பாட்டிலும் பெண்ணைப் பற்றி நான் கண்டது ஒரே ஒரு யோசனை: அவளை யார் தொடலாம் என்பது. அவள் மடியில் அதை யார் வைத்தது என்பதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. மரியாதை கொடுத்தார்கள், அந்த மரியாதைக்குள்ளேயே புருஷன்மார் ஒளிந்துகொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

சரி, போகிறவர்களுக்கு. படகு ஓடுகிறதா என்று ஜெட்டியில் முதல்நாளே விசாரியுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் குடா பொல்லாதது, அப்போது பஸ்ஸே நல்லது. காலையில் புறப்படுங்கள், தண்ணீர் அடங்கிக் கிடக்கும். முன்பக்கம் உட்காருங்கள், பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தயிர்ச் சட்டியை வாழை நாரால் கட்டித் தரச் சொல்லுங்கள். படகில் யாராவது, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ என்று எதையாவது நீட்டினால் தயங்காமல் வாங்கிப் பிடியுங்கள், எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. கரை வந்ததும் மறக்காமல் உரியவரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு பேர் பார்க்கிற மாதிரிக் கொடுங்கள்.